சுவிட்சைக் கழற்றுவது தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரி பேட்டரியை வண்டியின் வயரிங்கிலிருந்து துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் பற்றி ஒரு வண்டி உரிமையாளர் எழுதிய கடிதத்தை உங்கள் வாசகர் பகுதியில் படித்தேன். அந்தச் சுவிட்சால் வண்டியின் கம்ப்யூட்டர் கெட்டது, புகையைச் சுத்தம் செய்யும் யூரியா பம்ப் அடைத்துக்கொண்டது என்கிறார். அதனால் தன் வண்டிகள் எல்லாவற்றிலும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு கேபிளையும் ஒரே போல்ட்டில் முடுக்கிவிட்டாராம். மற்றவர்களும் அப்படியே செய்யலாம் என்று யோசனை வேறு சொல்கிறார். நான் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். அவர் சொன்ன இரண்டு கோளாறும் நிஜம்தான், என்னிடம் வரும் வண்டிகளிலும் பார்க்கிறேன். அவர் பிடித்துக்கொண்ட முடிவுதான் தப்பு. அதைப் படித்துவிட்டு நாலு பேர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில், அந்தச் சுவிட்ச் எதற்காக இருக்கிறது என்பதையே பல உரிமையாளர்கள் தவறாக நினைத்திருக்கிறார்கள். 'சாவியைத்தான் எடுத்துவிட்டேனே, அப்புறம் என்ன கரண்ட்?' என்று கேட்பார்கள். இக்னிஷன் சாவி நிறுத்துவது சில சர்க்யூட்டுகளை மட்டும்தான். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறதே விரல் தடிமன் கேபிள், அதில் சாவியை எடுத்தாலும் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கேபிளுக்கு ஃபியூஸே கிடையாது. செல்ஃப் அடிக்கும்போது பல நூறு ஆம்பியர் இழுப்பதால் சாதாரண ஃபியூஸ் அங்கே தாங்காது. அந்தக் கேபிள், பேட்டரி நெகட்டிவோடு இணைந்திருக்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் ஓரமாகவே போகிறது. கிளாம்ப் தளர்ந்து, வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து, ஏதோ ஒரு பிராக்கெட் முனையில் உரசி உறை தேய்ந்துவிட்டால் என்ன ஆகும்? பேட்டரியில் உள்ளதெல்லாம் அந்த ஒரு புள்ளி வழியாகப் பாயும். தடுக்க ஒன்றும் இல்லை. இரவில் ஓரமாக நின்றுகொண்டிருந்த லாரி தானாகத் தீப்பிடித்தது என்று நீங்கள் செய்தி போடுகிறீர்களே, அதற்கு இது ஒரு முக்கியமான வழி. சாவி ஓட்டுநர் பையில் இருந்திருக்கும். வண்டியில் யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

நெகட்டிவ் பக்கம் சுவிட்ச் இருந்து அதை அணைத்திருந்தால், அதே கேபிள் தேய்ந்து சேஸிஸைத் தொட்டாலும் சுற்று முழுமை பெறாது. கரண்ட் திரும்பி வர வழியில்லை. தீயும் இல்லை. பாசிட்டிவ் பக்கம் சுவிட்ச் வைத்தால், பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள துண்டுக் கேபிள் எப்போதும் உயிரோடுதான் இருக்கும். அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எதை வைத்தாலும், பேட்டரி பெட்டிக்குள் மூடிய இடத்தில் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது வெடிக்கக்கூடிய வாயு. சுவிட்சைத் திருப்பும்போது ஒரு பொறி வரத்தான் செய்யும்.

இனி அவருடைய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் போனது. அவர் வண்டியில் என்ன நடந்தது என்று நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் இப்படி வரும் வண்டிகளில் நான் கேட்கும் முதல் கேள்வி, 'என்ஜின் ஓடும்போது யாராவது சுவிட்சைத் திருப்பினார்களா?' என்பதுதான். பாதிப் பேர் தயங்கித் தயங்கி ஆமாம் என்பார்கள். என்ஜின் ஓடும்போது, கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குள் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பேட்டரியைப் பிடுங்கினால், வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைப் பட்டென்று அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆல்டர்னேட்டரின் சுருளில் உள்ள காந்தப்புலம் உடனே அடங்காது. வோல்டேஜ் எகிறும். 24 வோல்ட் வண்டியில் தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் அது 100 வோல்ட்டையும் தாண்டிவிடும். கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் ஆல்டர்னேட்டரின் டயோடு, ரெகுலேட்டர், என்ஜின் கம்ப்யூட்டர் என்று அந்த நேரத்தில் இணைப்பில் இருக்கிற எதையும் அது விட்டுவைக்க வேண்டியதில்லை. புது ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் இதை அமுக்கும் டயோடுகள் வருகின்றன. இருந்தாலும் அதை நம்பி விளையாடக் கூடாது.

ஏன் ஓடும்போது திருப்புகிறார்கள் என்றால், பலர் அதை என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டீசல் என்ஜினுக்குப் பொறி வேண்டியதில்லை. அழுத்தத்தில் சூடான காற்றில் டீசல் தானாக எரிகிறது. பழைய வண்டிகளில் எரிபொருள் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தாலும் என்ஜின் பாட்டுக்கு ஓடும், ஸ்டாப் கேபிளை இழுத்தால்தான் நிற்கும். புது வண்டிகளிலும், பேட்டரி போனாலும் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் கரண்டில் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்து என்ஜினை ஓட்டக்கூடும். அப்படி ஓடுகிற நேரம்தான் மிக மோசமான நேரம், வோல்டேஜை நிதானப்படுத்தப் பேட்டரி இல்லை. கார் பந்தயங்களில் வைக்கும் கட்-ஆஃப் சுவிட்சுகள் இந்தச் சிக்கலுக்கென்றே வேறு மாதிரி செய்யப்படுகின்றன. அவற்றில் பேட்டரியோடு சேர்த்து என்ஜினையும் நிறுத்தக் கூடுதல் முனைகள் இருக்கும், ஆல்டர்னேட்டரின் வேகத்தை வாங்கிக்கொள்ள ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். லாரியில் உள்ள சாதாரண சிவப்புச் சாவி சுவிட்சில் இதெல்லாம் கிடையாது. அது நின்ற வண்டிக்கான சுவிட்ச்.

யூரியா விஷயம் இன்னும் எளிது, ஆனால் இதைத்தான் யாரும் ஓட்டுநரிடம் சொல்வதில்லை. புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் தெளிக்கும் வண்டிகளில், இக்னிஷனை அணைத்த பிறகும் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். காது கொடுத்துக் கேட்டால் பம்ப் ஓடுவது கேட்கும். குழாயிலும் நாசிலிலும் மிச்சமிருக்கும் திரவத்தைத் தொட்டிக்கே திருப்பி இழுக்கிறது. அதில் 32.5 சதவீதம் யூரியா. அது அங்கேயே நின்று காய்ந்தால் வெள்ளை உப்பாகப் படிந்து நாசிலை அடைக்கும். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் மைனஸ் 11 டிகிரியில் உறைந்து குழாயையே உடைக்கக்கூடும். ஓட்டுநர் சாவியை எடுத்த கையோடு கீழே குதித்துச் சுவிட்சையும் திருப்பிவிட்டால், அந்தப் பம்ப் பாதியில் நிற்கிறது. ஒருநாள் செய்தால் ஒன்றும் தெரியாது. தினமும் செய்தால் அடைக்கும். அதே நேரத்தில்தான் என்ஜின் கம்ப்யூட்டரும் அன்றைக்குச் சேர்த்த கணக்குகளை நினைவகத்தில் எழுதி வைக்கிறது. எழுதும்போது கரண்ட் போனால் அதையும் ஒரு கோளாறாகவே பதிவு செய்துகொள்ளும். மறுநாள் டேஷ்போர்டில் விளக்கு எரியும், உரிமையாளர் சுவிட்சைத் திட்டுவார்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும். சில வண்டிகளில் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறார்கள், அது அணைந்த பிறகுதான் திருப்ப வேண்டும். அந்த விளக்கு எதற்கென்று நான் கேட்ட ஓட்டுநர்களில் பலர், பேட்டரியில் சார்ஜ் இருப்பதைக் காட்டும் விளக்கு என்றார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? வண்டியைக் கையில் கொடுக்கும்போது ஏசி பட்டனைக் காட்டினார்கள், பாட்டுப் பெட்டியைக் காட்டினார்கள், இதைக் காட்டவில்லை. இப்போதைக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது: இக்னிஷனை அணையுங்கள், ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கதவைப் பூட்டுங்கள், டயரையும் தார்ப்பாய்க் கயிற்றையும் ஒரு சுற்று பாருங்கள், கடைசியாகச் சுவிட்சுக்கு வாருங்கள். விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் பம்ப் சத்தம் அடங்கியதா என்று கேளுங்கள். கையேடு இன்னும் அதிக நேரம் கேட்டால் அதைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவது அவர் கடிதத்தில் இல்லாத ஒன்று. ஆனால் சுவிட்சின் மேல் பழி விழும் வழக்குகளில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். 24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்திருக்கும். பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், கேபின் ஃபேன் எல்லாம் 12 வோல்ட். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டியதுதானே? வாங்க மாட்டார்கள். இரண்டு பேட்டரிக்கும் நடுவே உள்ள இணைப்புக் கேபிளில் ஒரு வயரைச் சொருகிப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுத்து, பெட்டியின் எர்த் வயரைச் சேஸிஸில் மாட்டி ஓட்டுவார்கள். சேஸிஸ் பக்கம் இருக்கும் கீழ்ப் பேட்டரி மட்டும் தினமும் காலியாகும், அதற்கு அடுத்த மேல் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் வாங்கும், இரண்டும் சீக்கிரமே போகும். இது பலருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை, அந்த வண்டியில் நெகட்டிவ் கட்-ஆஃப் சுவிட்சை அணைத்தால் நடப்பது.

அணைத்ததும் கீழ்ப் பேட்டரி விலகிக்கொள்கிறது. மேல் பேட்டரிக்கோ இன்னொரு வழி திறந்தே இருக்கிறது. அதன் பாசிட்டிவிலிருந்து கரண்ட் கிளம்பி, எப்போதும் இணைப்பில் உள்ள ஏதோ ஒரு 24 வோல்ட் கருவி வழியாகச் சேஸிஸுக்கு வருகிறது. சேஸிஸிலிருந்து பாட்டுப் பெட்டியின் எர்த் வயருக்குள் ஏறி, பெட்டிக்குள் தலைகீழாகப் புகுந்து, நடு இணைப்புக்குத் திரும்பிவிடுகிறது. அதாவது சுவிட்ச் அணைந்திருக்கும்போது பாட்டுப் பெட்டிக்கு பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிக் கிடைக்கிறது. பெட்டி புகைந்துபோகிறது, அல்லது மேல் பேட்டரி மெல்ல இறங்குகிறது. 'சுவிட்சை அணைத்துத்தானே வைத்தேன், எப்படிப் பேட்டரி இறங்கியது? சுவிட்ச் டூப்ளிகேட்' என்று வந்து நிற்பார்கள். சுவிட்ச் ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடு வயரைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சுக்குப் பிறகு ஒரு கன்வெர்ட்டர் போட்டு, அதிலிருந்து 12 வோல்ட் எடுத்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. இதேபோல் எந்தக் கருவியின் எர்த் வயரையும் நேராகப் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் மாட்டக் கூடாது. மாட்டினால் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குப் பாதை ஆகிவிடும். ஒரு பெரிய லோடு அந்த மெல்லிய வயர் வழியாகத் திரும்பப் பார்த்தால் வயரே பழுத்து எரியும்.

மலிவு சுவிட்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவிட்சின் முதுகில் இரண்டு எண்கள் இருக்கும். தொடர்ந்து தாங்குவது ஒன்று, சில விநாடிகள் மட்டும் தாங்குவது இன்னொன்று. சின்ன சிவப்புச் சாவி சுவிட்சில் பெரும்பாலும் 100 ஆம்பியர் தொடர்ச்சி, 500 ஆம்பியர் 5 விநாடி என்று போட்டிருப்பார்கள். சின்ன வண்டிக்குச் சரி. கனரக லாரியின் செல்ஃப் மோட்டார் முதல் அசைவில் இழுப்பது இதைத் தாண்டும். மல்டிமீட்டரை சுவிட்சின் இரண்டு முனையிலும் வைத்துவிட்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 1 வோல்ட் காட்டி, 500 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அந்தச் சின்னச் சுவிட்சுக்குள் 500 வாட் சூடு என்று அர்த்தம். இந்த மாதிரி சுவிட்சை வைத்தால் செல்ஃப் மந்தமாகும், பிளாஸ்டிக் உருகும், அப்புறம் 'சுவிட்சால்தான் தீப்பிடித்தது' என்று பேச்சு வரும். பேச்சில் உண்மையும் இருக்கும். முனையில் உள்ள உலோகக் காது, அதாவது லக், சரியாக அமுக்கப்படாத கேபிளும், தளர்ந்த நட்டும் இதே சூட்டைத்தான் தரும்.

பேட்டரியை மிச்சப்படுத்துவதற்கு மட்டுமாவது சுவிட்ச் தேவையா என்று கேட்டால், கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. புது லாரி சும்மா நின்றாலும் கடிகாரம், கம்ப்யூட்டர், இருப்பிடம் காட்டும் கருவி என்று கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-அவர். 30 நாளில் 72. பேட்டரி 150 ஆம்பியர்-அவர் என்றால் பாதி போய்விட்டது. பாதிச் சார்ஜில் நின்ற பேட்டரியின் தட்டுகளில் சல்ஃபேட் கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் முழுக்கத் திரும்பாது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய விஷயம். தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு முக்கியமே இல்லை, ராத்திரி தீ பயம்தான் முக்கியம். ஓட்டுநர் கேபினில் தூங்கினால் ஃபேன் வேண்டும், சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும், ஆபத்து வந்தால் அவர் விழித்துக்கொள்ள வாய்ப்பாவது உண்டு. ஆள் இல்லாமல் விட்டுப் போகிற ஒவ்வொரு ராத்திரியும் அணைக்க வேண்டும். கொஞ்ச நேர நிறுத்தத்துக்கெல்லாம் அணைத்து அணைத்துப் போடுவது வீண் வேலை, உள்ளே உள்ள தொடுமுனைகள்தான் தேயும்.

இருப்பிடம் காட்டும் கருவி என்றதும் இன்னொரு பிரச்சினை ஞாபகம் வருகிறது. ஓட்டுநர் நல்ல பிள்ளையாகச் சுவிட்சை அணைத்தால், உரிமையாளரின் செல்போனில் 'மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று எச்சரிக்கை அடிக்கும். உடனே அவருக்குச் சந்தேகம். டீசல் திருடுகிறானோ, வண்டியை வேறெங்காவது ஓட்டுகிறானோ என்று நடுராத்திரியில் போன் போட்டுத் திட்டுவார். அடுத்த நாளிலிருந்து அந்த ஓட்டுநர் சுவிட்சைத் தொட மாட்டார். நானாக இருந்தாலும் தொட மாட்டேன். இதற்கு வழி இருக்கிறது. அந்தக் கருவிக்கும் வேகப் பதிவுக் கருவிக்கும் மட்டும் சுவிட்சுக்கு முன்னாலிருந்து, பேட்டரிக்கு மிக அருகில் சின்ன ஃபியூஸ் போட்டு, தனி வயர் இழுக்கலாம். நெகட்டிவ் சுவிட்ச் உள்ள வண்டியில் இதற்கு எர்த் வயரும் பேட்டரியிலிருந்தே தனியாக வேண்டும், எர்த்தை நேராகப் பேட்டரியில் மாட்டக் கூடாது என்றேனே, அதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அந்தக் கருவியின் கூடு சேஸிஸில் படாமலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன குறுக்குப் பாதைக் கதையாகிவிடும். அதனால் ஆன்டெனா, கூடு எல்லாம் பார்த்துச் செய்கிற ஆளிடம் கொடுங்கள். அந்தச் சிரமம் வேண்டாமென்றால், பெரும்பாலான கருவிகளுக்குள் சொந்தமாக ஒரு சின்னப் பேட்டரி இருக்கிறது, அது கொஞ்ச நேரம் தாங்கும். உரிமையாளர் போனை எடுப்பதற்கு முன் அந்த எச்சரிக்கை எப்போது வந்தது என்று பார்த்தால் போதும்.

வெல்டிங் வேலைக்கு வண்டியை விடுகிறவர்களுக்கும் ஒன்று. சுவிட்சை அணைத்துவிட்டோம், இனி எங்கே வேண்டுமானாலும் பற்றவைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றி, என்ஜின் கம்ப்யூட்டரின் இணைப்பையும் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

எரிபொருள், ரசாயனம் ஏற்றும் டேங்கர்களுக்கு இந்தச் சுவிட்ச் வசதிக்காக வைப்பதில்லை. 1957-இல் ஜெனீவாவில் கையெழுத்தான ஏடிஆர் என்ற ஒப்பந்தம் ஐரோப்பியச் சாலைகளில் அபாயகரச் சரக்கு போவதற்கான விதிகளைச் சொல்கிறது. தீப்பற்றும் சரக்கு ஏற்றும் டேங்கர் போன்ற வண்டிகளில் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே மெயின் சுவிட்ச் வேண்டும், அதை இயக்கும் பட்டன் ஓட்டுநர் கேபினில் இருக்க வேண்டும், தெரியாமல் கை பட்டு அணையாதபடி அதற்கு மூடி வேண்டும் என்கிறது. சரியான யோசனை. விபத்தில் கேபின் நசுங்கி, டீசல் கொட்டிக்கொண்டிருக்கும்போது, பேட்டரி பெட்டியைத் தேடிக்கொண்டு யார் ஓடுவது?

இதில்தான் சாதாரண லாரிகளுக்கும் ஒரு குறை இருக்கிறது. ஒரு வண்டியில் சுவிட்ச் பேட்டரி பெட்டிக்கு மேல், இன்னொன்றில் கேபின் படிக்குப் பின்னால், வேறொன்றில் சேஸிஸின் உள்பக்கம். தீயணைப்பு வீரர் வந்தால் எங்கே தேடுவார்? பந்தயக் கார்களில் வெளியே நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் படம் ஒட்டியிருப்பார்கள், யார் பார்த்தாலும் இங்கேதான் சுவிட்ச் என்று தெரிந்துவிடும். லாரிகளுக்கும் அப்படி ஒரு படத்தைக் கட்டாயமாக்க வேண்டும். பக்கத்திலேயே ஓட்டுநர் படிக்கிற மொழியில், 'என்ஜின் ஓடும்போது திருப்பாதீர்கள், அணைத்தபின் இவ்வளவு நேரம் காத்திருங்கள்' என்று எழுதியும் ஒட்ட வேண்டும். தயாரிப்பாளர்களுக்கு இது ஸ்டிக்கர் அடிக்கிற செலவுதான். அந்த உரிமையாளரின் கம்ப்யூட்டரும் யூரியா பம்பும் அந்த ஸ்டிக்கரிலேயே தப்பித்திருக்கலாம்.

அவருக்கு நேராக ஒன்று. ஐயா, கேபிள்களை ஒரே போல்ட்டில் முடுக்கிய வண்டிகளை ஒருமுறை வயரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கழற்றிய சுவிட்சுகள் இன்னும் உங்களிடம் இருந்தால் அவற்றின் முதுகில் உள்ள எண்ணைப் பாருங்கள். வண்டிக்குப் போதுமானவை என்றால் அவற்றையே திரும்ப மாட்டலாம். குறைவு என்றால் பெரியதாக வாங்குங்கள். மாட்டும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி எலக்ட்ரீஷியன்